பண்டிகை ஒரு நாள், பலகார டப்பா இருபது நாள்

கேள்வி: என் மாமனாருக்கு 64 வயது. ஒன்பது வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் போடுகிறார். ஆவணியில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6. தீபாவளிக்கு நாத்தனார், கொழுந்தனார் குடும்பங்கள் வந்தால் வீட்டில் பதினாலு பேர், நாலு நாள் விருந்து. அத்தை இனிப்பை அவர் கண்ணில் படாமல் எடுத்து வைப்பார். அவர் எப்படியும் கண்டுபிடித்துச் சாப்பிட்டுவிடுவார். அப்புறம் சண்டை. "அன்றைக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்கிறேன், அமாவாசை கழிந்ததும் சஷ்டி விரதம், எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். இந்த வருடம் அடுப்படிப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இனிப்பு அல்ல. "ஒரு மாத்திரை கூட" என்கிறாரே அதுவும், அதற்குப் பின்னாலேயே வரும் விரதமும்தான். அதை முதலில் பேசிவிடுவோம்.

கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கிற மருந்து. சாப்பிட்டாரா, பட்டினியா என்று அது பார்ப்பதில்லை. போட்டால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க வேலை செய்யும். மதியம் தின்ற மைசூர்பாகு இரவுக்குள் ரத்தத்தில் ஏறி இறங்கிவிடும். அதற்காகக் கூடுதலாகப் போட்ட மாத்திரை மறுநாளும் உள்ளே உட்கார்ந்திருக்கும். மறுநாள் அவர் விரதம் என்றால் கேட்கவே வேண்டாம், சர்க்கரை சரசரவென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வயதானவர்களிடம் அது வேறு மாதிரியும் வரும். சம்பந்தமில்லாமல் பேசுவார், காரணமில்லாமல் எரிந்து விழுவார், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வீட்டில் இருப்பவர்கள் "விரதக் களைப்பு, கொஞ்சம் படுத்திருக்கட்டும்" என்று போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போர்த்தப்பட்ட நிலையில் ஆம்புலன்ஸில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மாதிரி இருந்தால் உடனே விரல் நுனியில் குத்திப் பாருங்கள். குறைந்திருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. குளுக்கோமீட்டர் கைக்கு எட்டவில்லை என்றால் அதைத் தேடிக்கொண்டிருக்காமல் சர்க்கரைத் தண்ணீரை முதலில் கொடுங்கள். இந்த நேரத்தில் மைசூர்பாகு உதவாது. அதிலிருக்கும் நெய் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏறவிடும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரதம் இருக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் கேட்க மாட்டார், என்னிடம் மறைப்பார், அவ்வளவுதான். அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னதாக அவரை வழக்கமான டாக்டரிடம் அழைத்துப் போய், "ஆறு நாள் சஷ்டி இருக்கப் போகிறார்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதை அந்த டாக்டர் முடிவு செய்யட்டும். போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். நீங்கள் இரண்டு மருந்தின் பெயரைத்தான் எழுதியிருக்கிறீர்கள். இப்போது பலருக்கு டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மருந்தும் ஓடுகிறது. அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதைப் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடந்தால், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இது நடக்கலாம் என்பதால் வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கென்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் மற்ற நிபுணர்களும் தெளிவான விதிமுறை வகுத்திருக்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ நோன்பை அங்கேயே முடித்துவிட வேண்டும். சஷ்டிக்கும் இதே கணக்குதான், உடம்புக்கு மதம் தெரியாது. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் அவருக்கு வேண்டவே வேண்டாம். பால், பழம் மட்டும் என்பதும் அவர் நினைக்கிற மாதிரி லேசான விரதம் அல்ல. நாள் முழுக்க வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் போனால் மீட்டர் என்ன காட்டும் என்று ஒரு தடவை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வேளை முறையாகச் சாப்பிட்டு, மற்ற வேளைகளில் மோர், சுண்டல் என்று இருப்பது மேல்.

சரி, இனிப்புக்கு வருவோம்.

என் அப்பாவும் இதே கதைதான். நான் டாக்டர் ஆன பிறகு வீட்டில் எனக்கு நானே போலீஸ் வேலையும் கொடுத்துக்கொண்டேன். அம்மா அதிரசத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைப்பார். இரவு பதினொரு மணிக்கு அந்த மூடி திறக்கும் 'டிங்' சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். ஒரு வருடம் சத்தமே வரவில்லை. அப்பா திருந்திவிட்டார் என்று நம்பினேன். பிறகுதான் தெரிந்தது, மூடியைத் துண்டால் பொத்தித் திறக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒளித்துத் தின்கிறவர் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அடுத்தது எப்போது கிடைக்குமோ என்று நின்றபடியே மூன்றை உள்ளே தள்ளுவார். அதன்பிறகு மதியச் சாப்பாட்டின் கடைசியில், எல்லோர் முன்னாலும், அவர் இலையில் ஒரு அதிரசத்தை வைக்க ஆரம்பித்தோம். அத்தோடு பரண் ஏறுவது அடியோடு நின்றது என்று சொன்னால் பொய். ஆனால் நிறையக் குறைந்தது.

உங்கள் அத்தையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். தீபாவளி அன்று சாப்பாட்டோடு சேர்த்து ஒரு இனிப்பு, எது வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பியோடு வேண்டாம்.

அந்த ஒரு நாள் ஏன் பெரிய விஷயமில்லை என்றால், மூன்று மாதச் சராசரி என்கிற அந்த 7.6-க்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பரிசோதனை. பேர்தான் மூன்று மாதம். அதில் கிட்டத்தட்டப் பாதி, கடைசி ஒரு மாதத்தின் பங்கு. ஒரு நாள் விருந்து அந்தக் கணக்கில் கரைந்துவிடும். இருபது நாள் கரையாது. நாலு நாளில் விருந்தாளிகள் கிளம்பிவிடுவார்கள். டப்பாக்கள் போகாது. நீங்கள் செய்தது, அக்கம்பக்கத்தில் கொடுத்தது, ஆபீஸில் கொடுத்த ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து கார்த்திகை பிறக்கும்வரை அலமாரியில் இருக்கும். போகும்போது ஒரு முறுக்கு, வரும்போது ஒரு லட்டு. தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம் என் அறைக்கு வருகிறவர்கள் "அன்னிக்கு ஒரு நாள்தான் டாக்டர்" என்பார்கள். ரிப்போர்ட் வேறு சொல்லும்.

அதனால் அடுப்படிப் பொறுப்பில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய காரியம் அளவைப் பாதியாக்குவதுதான். இரண்டு இனிப்பு, இரண்டு காரம் போதும். சின்னச் சின்னதாகப் பிடியுங்கள். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பையில் மிச்சத்தைக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாம் நாள் வீட்டில் டப்பா காலியாக இருக்க வேண்டும்.

இனிப்பில் எது நல்லது என்று அடுத்து கேட்பீர்கள். மைசூர்பாகுக்கு ஒரு கப் கடலை மாவு என்றால் இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்பது பல வீடுகளில் உள்ள அளவு. அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மாவு. அதிரசத்தில் வெல்லம்தானே என்று ஒரு சமாதானம் உண்டு. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாமே ரத்தத்தில் போய் ஏறுவது சர்க்கரையாகத்தான். நிறம்தான் வேறு. கடையில் விற்கிற 'சுகர் ஃப்ரீ' இனிப்பில் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம், மைதா, கோவா, நெய் அப்படியே இருக்கும். சிலவற்றில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்ப்பார்கள். அது கொஞ்சம் அதிகமானால் வயிற்றால் போகும். பாக்கெட்டில் 'சுகர் ஃப்ரீ' என்று பார்த்துவிட்டு நாலு துண்டு சாப்பிடுவதைவிட அசலில் ஒரு துண்டு சாப்பிடலாம்.

காரத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். "இனிப்பைத் தொடவே இல்லை, முறுக்கு மட்டும்தான்" என்பார்கள். முறுக்கு என்பது அரிசி மாவு, எண்ணெய், உப்பு. இனிக்காத சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சங்கதி: எண்ணெயும் நெய்யும் அதிகமுள்ள பண்டத்தைத் தின்றால் சர்க்கரை தாமதமாக ஏறும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். நாலு மணி நேரம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். பிரஷர் இருந்தால் இந்த உப்பு தனிக் கவலை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

தீபாவளி லேகியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மாமனார் கேட்பார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சரி. அதைக் கட்டுவதே வெல்லமும் நெய்யும்தான். காலையில் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். "ஜீரணத்துக்கு" என்று மூன்று வேளையும் ஒரு உருண்டை என்றால் அதுவும் ஒரு இனிப்புதான்.

அன்றைய சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புரட்டாசி முழுக்கக் கறி தொடாமல் இருந்த வீடாக இருந்தால் காலையிலேயே இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்துவிடும். இட்லி இரண்டோ மூன்றோ, கொழுப்பில்லாத துண்டாகக் கறி, வடை வேண்டாம். மதியம் காயையும் கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வரச் சொல்லுங்கள். அதே சாப்பாடுதான், வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. நவராத்திரிக்கு ஒன்பது நாளும் விதவிதமாகச் சுண்டல் செய்தீர்கள் அல்லவா? புரதமும் நாரும் உள்ள அவ்வளவு நல்ல பண்டிகைப் பலகாரம் வேறு கிடையாது. அதைக் கொலுவோடு சேர்த்து ஏன் பரணில் ஏற்றுகிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. விருந்தாளிகளுக்குச் சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதிலாகக் கொண்டைக்கடலைச் சுண்டல் வையுங்கள், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் சொன்னாலும் சொல்லலாம்.

ஐப்பசியும் கார்த்திகையும் பழந்தமிழில் கூதிர் காலம். வெளியே மழை, உள்ளே சூடாக எதையாவது கொறிக்கச் சொல்லும் நாக்கு. காலை நடை நின்றுபோவதும் இப்போதுதான். சுகர் ஏறுவதில் இனிப்புக்கு மட்டுமல்ல, நின்றுபோன நடைக்கும் பங்கு உண்டு. மாமனாரை ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் ஹாலிலும் வராந்தாவிலுமாக நடக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே, கூட அனுப்புங்கள்.

சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத ஒன்று. ஒன்பது வருடச் சுகரில் பாதம் மரத்துப்போயிருக்க வாய்ப்புண்டு. கங்கா ஸ்நானத்துக்கு வெந்நீரைக் காலால் தொட்டுச் சூடு பார்க்கக் கூடாது, வேறொருவர் கையால் பார்த்துச் சொல்லட்டும். வாசலில் பட்டாசு வெடிக்கிற இடத்தில் செருப்பில்லாமல் நிற்கக் கூடாது. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை மிதித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் பாயில் ஈரத்தைப் பார்த்துப் புண்ணைக் கண்டுபிடித்த ஒருவருக்கு நான் இரண்டு மாதம் கட்டுக் கட்டினேன். இரவில் படுக்கும்முன் உள்ளங்காலைப் பார்ப்பது அந்த நாலு நாளும் உங்கள் கணவரின் வேலையாக இருக்கட்டும்.

மைத்துனர்கள் கூடினால் பாட்டிலும் வரும். கிளிமிபிரைடு போடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் நடு ராத்திரியில் தாழ்சர்க்கரை வரலாம். போதை என்று நினைத்து யாரும் எழுப்பமாட்டார்கள். இதை நீங்கள் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும்.

பலகாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டி வாரக்கணக்கில் தாளிக்க வைத்துக்கொள்ளாதீர்கள். கறுத்துப்போய், நுரை கட்டி, வைத்தவுடனே புகைந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

விரதம் முடிந்த பத்தாம் நாள் வாக்கில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆவணியில் எடுத்த மூன்று மாதச் சராசரியை மறுபடி எடுக்கவும் அப்போது நேரம் வந்திருக்கும். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டை பிடிக்க வெல்லப்பாகு ஏற்றுவதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.