பெரியப்பா ஓட்டிய ஹண்டர்

அன்புள்ள சார்,

எங்கள் பெரியப்பா எழுபதுகளில் சிங்கப்பூரின் தெங்கா விமானத் தளத்திலிருந்து ஹண்டர் போர்விமானம் ஓட்டியவர். அடுத்த ஆண்டு அவருக்கு 80 நிறைகிறது. நானே ஒரு ஹண்டர் மாடல் செய்து கொடுக்க ஆசை. 1/72 கிட் (நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில், ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்கள்) வாங்கிவிட்டேன்; பிரிட்டிஷ் விமானப்படைச் சின்னங்களோடு வந்திருக்கிறது. குண்டு, ராக்கெட் எல்லாம் மாட்டி, புகையும் துருவும் படிந்த மாதிரி பெயிண்ட் அடித்தால்தான் போர்விமானக் களை வரும் என்கிறார்கள் நண்பர்கள். பெரியப்பாவுக்குத் தெரியாமல் செய்து, பிறந்தநாளன்று கொடுக்கலாமா?

க., செங்காங்

அன்புள்ள க.,

தெரியாமல் செய்ய வேண்டாம். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். விமானிகள் ஒவ்வொரு முறை பறந்ததையும் லாக் புத்தகத்தில் எழுதிவைப்பார்கள்: தேதி, விமான வகை, விமானத்தின் எண், பறந்த நேரம். பெரியப்பா அதைப் பத்திரமாக வைத்திருந்தால், பிரித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முதன்முதலில் தனியாக ஓட்டிய ஹண்டர் எது, எது அவருக்கு ராசியான விமானம் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணைத்தான் நீங்கள் செய்ய வேண்டும். ஏதோ ஒரு ஹண்டர் என்றால் கடையிலேயே வாங்கிக் கொடுத்துவிடலாமே.

தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் விமானங்களின் சின்னம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. இன்று நாம் பார்க்கும் சிங்கத் தலை எழுபதுகளில் கிடையாது. சிங்கப்பூர் ஆகாயப் படை என்ற பெயரே 1975 ஏப்ரலில்தான் வந்தது. இறக்கையில் சிங்கத்தை ஒட்டினால் அவர் கண் நேராக அங்கேதான் போகும்.

பிரிட்டிஷ் கிட் என்று கவலைப்படாதீர்கள். நம்மிடம் வந்த ஹண்டர்களே பிரிட்டிஷ் படையில் பறந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டு வந்தவைதாம். பெட்டியில் எஃப்ஜிஏ 9 (நம்முடையதற்கு நெருங்கிய ஹண்டர் வகை) என்று போட்டிருக்கிறதா, வாலில் ஜெட் குழாய்க்கு மேலே பிரேக் பாராசூட்டுக்கான உறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம், மூக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு புடைப்பு இருக்கும். பீரங்கி சுடும்போது கழன்று விழும் தோட்டாப் பட்டை இணைப்புகள் அதற்குள் போய்ச் சேரும். ஹண்டருக்கு அந்த முகஜாடையே அதனால்தான். அங்கே உப்புத்தாள் போடும்போது கை நிதானமாக இருக்கட்டும்.

துரு வேண்டவே வேண்டாம். ஹண்டரின் உடல் அலுமினியக் கலவை. அதில் செந்துரு பிடிக்காது. நம் ஹண்டர்கள் போருக்கும் போனதில்லை. இந்த ஈரக் காற்றில் அவற்றைத் துடைத்துப் பராமரித்த தரைப் பணியாளர்களின் உழைப்பும் அந்த மாடலில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. நான்கு 30 மி.மீ. பீரங்கி வாய்களுக்குப் பின்னால் மட்டும் லேசாகக் கரி தடவுங்கள், போதும். குண்டும் ராக்கெட்டும் அவர் சொன்னால் மாட்டலாம்.

இன்னொன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1/72 கிட்டை உங்களுக்கே வைத்துக்கொண்டு, அவருக்கு 1/48 வாங்குங்கள். சுமார் 14 மீட்டர் நீள விமானம் 1/72-இல் 19 சென்டிமீட்டர்தான் வரும். 1/48-இல் 29 வரும். 80 வயதுக் கண்ணுக்கு அந்த 10 சென்டிமீட்டர் பெரிய உதவி. எனக்குத் தெரிந்த விமானிகள் யாரும் மாடலைத் தூர நின்று பார்ப்பதில்லை. கையில் எடுத்துச் சாய்ப்பார்கள், திருப்புவார்கள், இந்தக் கோணத்தில்தான் இறங்குவோம் என்று காட்டுவார்கள். அதனால் கண்ணாடிப் பெட்டி வேண்டாம். சக்கரங்களை உள்ளே மடக்கி, ஸ்டாண்டில் பறக்கும் நிலையில் செய்யுங்கள். ஒடிய சக்கரக் கால்கள் இருக்காது. வால் சாயாமல் இருக்க மூக்கில் ஈயக் குண்டு அடைக்கும் வேலையும் மிச்சம். இறக்கை நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை வெட்டிவிட்டுப் பித்தளைக் குழாய் வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது முதலில் உடைவது அதுதான்.

டீகால் (சின்னங்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்துவிடுங்கள். சொரசொரப்பான பெயிண்ட்மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். தின்னர் கலந்த லாக்கர் வார்னிஷ் என்றால் மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரத்தில் வெளுத்துப்போகும். அடுக்குமாடி வீட்டில் அதன் நெடியும் தாங்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எண் இலக்கங்கள் தனி டீகாலாகக் கிடைக்கும். பெரியப்பா எண்ணைச் சொன்னதும் எழுதுங்கள். அந்தக் காலத்துச் சின்னத்தின் அளவையும் இடத்தையும் பழைய படங்களைப் பார்த்துச் சேர்ந்தே முடிவுசெய்வோம்.