மறதியா, கண்ணுல புரையா?

கேள்வி: எங்க அம்மாவுக்கு 71 வயசு, கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சவங்க. ஒரு வருஷமா ஆளே மாறிட்டாங்க. எதிர்ல நிக்கிற பேரனையே யாருன்னு கேக்குறாங்க, டிவி பாக்குறதில்ல, வாசப்படி தாண்டுறதில்ல, சாயங்காலம் ஆனா மூலையில கலர் கலரா சேலை கட்டிட்டு பொம்பளைங்க உக்காந்திருக்காங்கங்குறாங்க. கேம்ப்ல ரெண்டு கண்ணுலயும் புரைன்னு சொன்னாங்க, பழுக்கட்டும்னு விட்டுட்டோம். இப்ப சிலர் டிமென்ஷியாங்குற மறதி நோய்ங்குறாங்க, சிலர் மந்திரிக்க சொல்றாங்க. கண்ணுக்கும் மறதிக்கும் சம்பந்தம் இருக்கா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: இருக்குங்க. ஆனா முதல்ல அந்த சேலை கட்டின பொம்பளைங்க விஷயத்துக்கு வர்றேன், அதுதான் உங்க வீட்டையே கலக்கியிருக்கும். பார்வை ரொம்ப குறைஞ்சவங்களுக்கு இல்லாத ஆளுங்க, பூ, கோலம் மாதிரி டிசைன் எல்லாம் தெளிவா தெரியறது உண்டு, சார்லஸ் போனே சிண்ட்ரோம்னு பேரு. 1760ல போனேங்குறவர் தன்னோட தாத்தாவுக்கு இப்படி ஆனதை எழுதி வச்சாரு. கண்ணுலருந்து வரவேண்டிய படம் வராதப்ப மூளை தானா படம் போட்டுக்குது, அவ்வளவுதான். அந்த உருவங்க பேசாது, "அங்க யாரும் இல்லம்மா"ன்னு சொன்னா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. அம்மா அந்த பொம்பளைங்களோட பேசுறாங்க, கை நடுங்குது, நடை மாறுதுன்னா வேற மாதிரி, ஒரு வகை டிமென்ஷியாவுலயும் உருவம் தெரியும், அதை நரம்பு டாக்டர்தான் பாக்கணும். மந்திரிக்கிற காசை பஸ்ஸுக்கு வையுங்க.

பேரனைத் தெரியலங்குறது மறதியாத்தான் இருக்கணும்னு இல்ல, மூஞ்சி தெரியாம இருக்கலாம், குரல் கேட்டதும் பேர் சொல்றாங்களான்னு பாருங்க. ஞாபக சக்தி டெஸ்ட்லயே படிக்கச் சொல்லுவாங்க, படம் வரையச் சொல்லுவாங்க, புரையோட போய் உக்காந்தா மார்க் குறையத்தான் செய்யும்.

அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் 65 வயசு தாண்டின 3,038 பேரை பல வருஷம் கவனிச்சு 2021 கடைசியில ரிசல்ட் சொன்னாங்க: புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு டிமென்ஷியா வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் கம்மி. ஆபரேஷனுக்குத் துணிஞ்சு போறவங்க முதல்லருந்தே கொஞ்சம் திடமா இருந்திருக்கலாம், அதனால இதை மட்டும் வச்சு ஆபரேஷன்தான் காப்பாத்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா 2024ல லான்செட் கமிஷன்ங்குற மருத்துவ நிபுணர் குழு டிமென்ஷியாவுக்குச் சொன்ன 14 காரணங்கள்ல வைத்தியம் பாக்காம விட்ட பார்வைக் குறைவையும் புதுசா சேர்த்துட்டாங்க. அதோட பங்கு 100க்கு 2 கேஸ்தான், சர்க்கரை, பிரஷர், காது கேக்காம போறது இதெல்லாமும் அந்த லிஸ்ட்ல இருக்கு.

எப்படின்னா, கண்ணு மங்கினா படிக்கறது போகும், நம்ம ஊர் படிக்கட்டுலயும் சரிவுலயும் விழுந்துருவோமோன்னு பயந்து வெளிய போறது போகும், பேச்சுத்துணை போகும், மூளைக்கு வேலையே இல்லாம ஆயிடும். புரை நீல வெளிச்சத்தையும் மறைக்கறதால தூக்கமும் கெடலாம்.

பழுக்கட்டும்னு காத்திருந்ததெல்லாம் அந்தக் காலம்ங்க. இப்ப வேலைவெட்டிக்கு இடைஞ்சல்னாலே எடுத்துடலாம், ரொம்ப முத்தவிட்டா ஆபரேஷன்தான் கஷ்டம். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இலவசம், மேட்டுப்பாளையம் இறங்கினா கோயம்புத்தூர்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இருக்கு. ஒரு கண்ணு முடிச்சு அடுத்த கண்ணு. கூடவே பி12, தைராய்டு ரத்த டெஸ்ட் எடுத்துருங்க, அது குறைஞ்சாலும் மறதி வரும். உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், மேல போகப் போக புற ஊதாக் கதிர் ஜாஸ்தி, குளிருதேன்னு ஏமாறாதீங்க, தோட்டத்துக்குப் போறப்ப தொப்பியாவது போடுங்க.

கேள்வி: அப்பாவுக்கு கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) ஆபரேஷன் ஆச்சு. மறதியும் வராம இருக்குமா?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: அதே சியாட்டில் ஆராய்ச்சியில கிளாக்கோமா ஆபரேஷனுக்கு அந்த மாதிரி பலன் தெரியலைங்க. இருக்குற பார்வையைக் காப்பாத்தத்தான் அது, போனது திரும்பாது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தா நிறுத்தவே கூடாது.