சென்சார் புதுசு, விளக்கு மட்டும் பழையபடி

கேள்வி: என் ஹேட்ச்பேக் காருக்கு ஏழு வயது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினாலோ, ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பினாலோ ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் சி0035 என்ற கோளாறு எண், முன் இடது சக்கரத்தின் வேக சென்சார் என்று வந்ததால் ஒர்க்‌ஷாப்பில் அதை மாற்றினார்கள். இரண்டு வாரம் சரியாக இருந்தது. மறுபடியும் அதே விளக்கு. இப்போது ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். யூனிட் கெட்டுப்போனால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தா விளக்கைப் போடும்? குலுங்கும்போதும் திரும்பும்போதும் மட்டும் தலைகாட்டும் கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான் இருக்கும்.

சி0035 என்றால் சென்சார் செத்துவிட்டது என்று பொருளல்ல. அந்தச் சக்கரத்திலிருந்து சிக்னல் சரியாக வரவில்லை, அவ்வளவுதான். சென்சார், அதன் கேபிள், கனெக்டர், பாடி வழியாகப் போகும் ஒயர், யூனிட்டின் கனெக்டர் பின் (உலோக முனை) எல்லாம் அந்த ஒரே வழியில்தான் இருக்கின்றன.

உங்கள் கடிதத்திலேயே பெரிய துப்பு இருக்கிறது: அந்த இரண்டு வாரம். பழைய கனெக்டரைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது பாடி பக்கத்து பின் உரசிச் சுத்தமாகியிருக்கும். மழைத்தண்ணீர் மறுபடி வேலையைக் காட்டும்வரை ஓடியிருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கனெக்டரைத்தான்.

சரி, பார்க்கலாம். சமதரையில் ஹேண்ட்பிரேக் போட்டு, ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரத்தைக் கழற்றுங்கள். கேபிள் கிளிப்புகள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கிளிப் விட்டுப்போனாலே கேபிள் டயரில் உரச ஆரம்பிக்கும். வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கை விலக்கினால் பல கார்களில் கனெக்டர் அங்கேயே தெரியும். கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்குமே, அதே பச்சைக் களிம்பு பின்னில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் ஒயரை இரண்டு விரலால் பிடித்து, ஓரிரு அங்குலமாக மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். நல்ல ஒயர் இழுபடாது. உள்ளே செம்பு அறுந்த இடத்தில் மேலுறை மட்டும் ரப்பர் பேண்டு மாதிரி நீளும். பாடிக்குள் நுழையும் ரப்பர் வளையத்தை ஒட்டிய இடத்தில் கூடுதலாக நிதானியுங்கள். எலி கடித்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

இனி மீட்டர். உங்களுடையது அநேகமாக ஆக்டிவ் சென்சார். அதற்குள் ஒரு சின்ன ஐசி (எலக்ட்ரானிக் சிப்) இருக்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற கரண்ட் சுமார் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். இதை ஓம் வைத்து அளந்தால் ஒன்றும் தெரியாது. ஓம் கணக்கெல்லாம் பழைய சுருள் வகை சென்சாருக்குத்தான். நீங்கள் சென்சார் கனெக்டரைக் கழற்றிவிட்டு, இக்னிஷனைப் போட்ட உடனே பாடி பக்கத்து இரண்டு பின்னுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். உடனே என்று சொல்வதற்குக் காரணம், சில யூனிட்டுகள் சென்சார் இல்லை என்று தெரிந்ததும் சப்ளையை நிறுத்திவிடும். வலது சக்கரத்திலும் இதையே செய்யுங்கள். புத்தகத்தில் இருக்கும் எண்ணைவிட ஒழுங்காக ஓடும் பக்கத்து எண்ணே நம்பகமானது. மீட்டர் ஊசியைக் கனெக்டர் துளைக்குள் திணிக்காதீர்கள். துளை அகன்றுவிட்டால் நீங்களே புதுக் கோளாறை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

வோல்ட் சரியாக வந்தாலும் ஒயர் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. ஒயர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கும் பீப் சோதனையும் ஏமாற்றும். பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் பீப் என்று கத்திவிடும். பாட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏபிஎஸ் யூனிட் கனெக்டரையும் கழற்றுங்கள். அது மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் யூனிட் நிஜமாகவே போய்விடும். சென்சார் கனெக்டரிலிருந்து யூனிட் கனெக்டர்வரை போகும், இப்போது இரண்டு முனையும் விடுபட்ட ஒயர்களில் ஒன்றின் வழியாக, 3 ஆம்பியர் பியூஸ் ஒன்றை நடுவில் வைத்து, பாட்டரியிலிருந்து 5 வாட் பல்பு ஒன்றை எரிய விடுங்கள். மங்கலாக எரிந்தால் எங்கோ களிம்பு ஏறியிருக்கிறது. பளிச்சென்று எரிந்தால் ஒயரை அடிமுதல் நுனிவரை ஆட்டுங்கள். எங்கே கைவைத்தால் பல்பு கண்சிமிட்டுகிறதோ அதுதான் இடம். அடுத்த ஒயருக்கும் அப்படியே. ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டர் பக்கம் மட்டும் மீட்டரோ பல்போ கொண்டு போகக் கூடாது, அது வெடிக்கிற சாமான்.

ஒயரில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கேள்வி: சமீபத்தில் அந்தச் சக்கரத்துக்கு பேரிங் மாற்றினீர்களா? பல கார்களில் சென்சார் படிக்கும் காந்த வளையம் பேரிங்கின் ஒரு பக்க சீலில்தான் இருக்கிறது. பேரிங்கைத் திருப்பி மாட்டினால் சிக்னலே வராது. ஆனால் அப்படியென்றால் விளக்கு எப்போதும் எரியும், உங்களுடையதைப் போல வந்து போகாது.

பாடி பக்கத்து ஒயரில் அறுந்திருந்தால் கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து நசுக்கி இணைத்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் உறை) போடச் சொல்லுங்கள். இன்சுலேஷன் டேப் ஒரு மழைக்குத் தாங்காது. இரண்டு ஒயரும் முறுக்கி வந்திருந்தால் அதே முறுக்கோடு விட வேண்டும். சக்கரத்தோடு ஆடும் பகுதியில் சால்டர் வைத்து ஒட்டாதீர்கள், ஒட்டின இடத்துக்கு அடுத்தே மறுபடி அறும். அங்கே கோளாறு என்றால் கேபிளோடு சேர்ந்த சென்சாரை மாற்றுவதே வழி.

அதுவரை காரை ஓட்டலாமா? மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும், அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைத்து மெதுவாகப் போகலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள். ரிப்பேர் முடிந்து ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்த பிறகும் ஸ்டார்ட் செய்தவுடன் விளக்கு அணையாமல் நின்றால் பதற வேண்டாம். சில கார்களில் வண்டி கொஞ்சம் ஓடி, நாலு சக்கரத்து வேகமும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே யூனிட் அதை அணைக்கும்.