‘ஃபியெல்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

கேள்வி: நார்வே பயண நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘ஃபியெல்’ வருகிறது. ஆங்கில அகராதி அதற்கு உயரமான, வறண்ட பாறைப் பீடபூமி என்று பொருள் தருகிறது. ‘தரிசுப் பீடபூமி’ என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அந்த இரண்டு சொற்களுமே வாசகரை வழிதவறச் செய்யும்.

பயிரிடக்கூடிய நிலத்தை உழாமல் போட்டுவைத்தால்தான் அது தரிசு. ஃபியெல்லிலோ ஏர் பூட்ட வழியே இல்லை. குளிரும் காற்றும் மரத்தை வளரவிடாத உயரம் அது. தென் நார்வேயின் உட்பகுதியில் பிர்ச் மரங்கள் சுமார் 1,200 மீட்டர் வரை ஏறுகின்றன. வடக்கே போகப்போக, கடலை நெருங்க நெருங்க, அந்த எல்லை இறங்கிவிடுகிறது. அதற்கு மேலே பாறை, அதில் ஒட்டிப் படரும் லைக்கன், குட்டைப் புதர்கள், சில இடங்களில் காட்டுத் துருவமான்கள். இந்த மரமற்ற உயரத்தை அவர்கள் ‘ஸ்னௌஃபியெல்’ என்பார்கள். நம்மிடம் ‘மொட்டைமலை’ இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை.

தட்டையாக இருப்பதும் ஃபியெல்லுக்குக் கட்டாயமல்ல. பெர்கன் நகரைச் சூழ்ந்த ஏழு ஃபியெல்களும் தனித்தனி மலைகள். அவற்றில் உயரமான உல்ரிக்கனே 643 மீட்டர்தான். 1814இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் நார்வேயின் அரசியல் சாசனம் வகுத்தவர்கள், ‘டோவ்ரே சரியும்வரை’ ஒன்றுபட்டிருப்போம் என்று சூளுரைத்தார்கள். அந்த டோவ்ரேஃபியெல்லைப் பீடபூமி ஆக்கினால் சூளுரையின் உயிரே போய்விடும். அகன்ற மேட்டுவெளிக்கு அவர்களிடம் ‘விடா’ என்று தனிச்சொல் உண்டு. ஹார்டாங்கர்விடா வரும் இடத்துக்குப் ‘பீடபூமி’யை வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பெயர்களில் ஃபியெல்லை அப்படியே விட்டுவிடுங்கள். பழைய நூல்களில் இறுதியில் ‘ட்’ சேர்ந்திருக்கும்; அதை ஒலிப்பதில்லை. ஒரே இடம் இரண்டு எழுத்துக்கூட்டலில் வந்து இரண்டு ஊராகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘ஈஸ்டருக்கு ஃபியெல்லுக்குப் போனோம்’ என்று வந்தால் சிகரம் ஏறினார்கள் என்று பொருளல்ல. மரவீட்டில் தங்கிப் பனிச்சறுக்கப் போயிருப்பார்கள். ‘மலைப்பக்கம் போனோம்’ என்றாலே போதும். சுரங்கப்பாதை பற்றிய பகுதியில் கூடுதல் கவனம் தேவை: அங்கே ஃபியெல் என்பது மலையைக் குறிக்காமல், குடைந்து செல்லும் அடிப்பாறையைக் குறிக்கக்கூடும்.