கல்விக்கடன் எவ்வளவு வாங்கலாம்? கேள்வி பதில்

பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கல்விக்கடன் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, சொத்துப் பிணை இல்லாமல் எவ்வளவு கிடைக்கும்?

பதில்: பொதுவாக 7.5 லட்சம் ரூபாய் வரை. 4 லட்சத்தைத் தாண்டினால் செலவில் ஒரு பங்கை நீங்கள் போட வேண்டும்: உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம், வெளிநாட்டுக்கு 15. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். தரவரிசையில் முன்னணியில் உள்ள நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு, 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில் பிணையே கிடையாது.

கேள்வி: மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது. பிணை இல்லாமல் கிடைக்கும் 7.5 லட்சத்தையும் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,87,500 வீதம் நான்கு ஆண்டு வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள். ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டே இருக்கும். அதுமட்டும் 2,62,500 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 10,12,500 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 13,400 வேண்டும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் மாதத்தவணை 10,900 அளவுக்கு இறங்கும். மொத்தமாகக் கட்டுவதோ மூன்றரை லட்சம் கூடிவிடும்.

ஆகவே கேட்கும் தொகையைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள். உங்கள் குடும்பத்தில் அவரே முதல் பட்டதாரியா? சான்றிதழ் வாங்கினால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் கட்டணத்தை மாநில அரசே ஏற்கும் 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரி நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தரச்சான்று பெற்றிருந்தால், நான் மேலே கணக்கிட்ட அந்த வட்டியை மத்திய அரசே ஏற்கும். வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிணை இல்லாமல் எவ்வளவு தருவார்கள்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது.

கேள்வி: தேர்தல் வந்தால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எதற்காகக் கட்ட வேண்டும்?

பதில்: இதை நம்பிக் கட்டாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாக்குறுதி உங்கள் கடன் கணக்கில் வரவு ஆகாது. தவணை தவறினால் பையனின் சிபில் மதிப்பெண்ணோடு (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அப்பாவின் மதிப்பெண்ணும் விழும். பிறகு வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அந்தப் பழைய பாக்கிதான் முதலில் வந்து நிற்கும்.

கேள்வி (அதே நண்பர்): பெருநிறுவனங்களின் பல ஆயிரம் கோடியை வங்கிகள் கணக்கிலிருந்து நீக்குகின்றனவே! ஏழை மாணவனிடம் மட்டும் கண்டிப்பா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது. வசூல் முயற்சி தொடரும். வேலை கிடைக்காமல் திணறும் மாணவர் கிளைக்குப் போய் எழுத்து மூலம் தவணை மாற்றி அமைக்கக் கேட்கலாம். அது கிடைக்கக்கூடியது.

கேள்வி (இன்னொருவர்): என் அண்ணன் கட்டவே இல்லை, ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளுபடி பற்றி இனிப் பதில் இல்லை.

கேள்வி: கிளையில் வாய்மொழியாக மறுத்துவிட்டார்கள்.

பதில்: வித்யாலட்சுமி இணையதளம் வழியே விண்ணப்பியுங்கள், பதிவு இருக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி: மாணவர் விசாவுக்கு எவ்வளவு இருப்பு காட்ட வேண்டும்?

பதில்: அது என் துறை இல்லை, தம்பி. அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள்.