திரைவாசிப்பானும் வேர்டும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் கோவில் சங்கத்தின் சுற்றறிக்கையைத் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் வேர்டில் அடித்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) வைத்துப் படிக்கிறார். தமிழ்ப் பகுதி மட்டும் ஏதோ ஆங்கில எழுத்துகளாகக் கேட்கிறதாம். என் திரையில் சரியாகத்தானே தெரிகிறது?
— வாசகி, ரோஸ் ஹில்

பதில்: நீங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. அப்படி அடித்த கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அதையடுத்து ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் கண்ணுக்குக் காட்டுகிறது. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, பதிவாகியிருப்பதைப் படிக்கிறது. அந்த உறுப்பினர் சொன்னது முற்றிலும் சரி.

ஒரு தமிழ்ச் சொல்லைத் தேர்ந்து எழுத்துருவை டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகளாகிவிட்டால் பழைய முறை. தமிழாகவே நின்றால் யூனிகோடு, அதாவது தமிழைத் தமிழாகவே கோப்பில் பதியும் பொது முறை. பழைய முறை என்றால் எழுத்துருவை லதா, நிர்மலா போன்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிப் பயனில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் பத்திகளை ஒட்டி மாற்றி எடுக்க வேண்டும். தமிழ்ப் பத்திகளை மட்டும் ஒட்டுங்கள். பிரெஞ்சுப் பத்தியும் கூடப் போனால் அதுவும் பொருளற்ற தமிழாகத் திரும்பி வரும்.

இனி அடிப்பதற்கு, விண்டோஸ் 10, 11 இரண்டிலுமே தமிழ் 99 விசைப்பலகை உள்ளது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். விரல் பாமினிக்கே பழகிவிட்டது என்றால் இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதே விசைகளை அடித்தாலும் யூனிகோடாகப் பதியும்.

கேள்வி: நான் பார்வையற்றவன். எனக்கு வரும் ஆவணங்களில் பிரெஞ்சுப் பத்திகளையும் ஆங்கிலக் குரலே வாசிக்கிறது. ஒன்றும் புரிவதில்லை. குரல் தானாக மாறாதா?
— வாசகர், போ பாசேன்

பதில்: மாறும். அதற்கு மூன்று காரியங்கள் ஒத்துவர வேண்டும். முதலில் உங்கள் பக்கம்: இன்சர்ட், கன்ட்ரோல், வி மூன்றையும் அழுத்தினால் பேச்சு அமைப்பு திறக்கும். அங்கே தானியங்கி மொழிமாற்றம் என்ற பெட்டி தேர்வாகியிருக்கட்டும். அடுத்தது பேச்சுப்பொறி, அதாவது எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள். என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக்கில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் உண்டு. குரல் இனிமையாக இராது, ஆனாலும் நம் மொரிஷியஸ் ஆவணங்களுக்கு இப்போதைக்கு அதையே பரிந்துரைப்பேன். ஒரே மொழி தெரிந்த குரலை வைத்திருந்தால் எந்தப் பெட்டியைத் தேர்ந்தும் பலனில்லை.

மூன்றாவது ஆவணத்தை எழுதியவரின் பொறுப்பு. எந்தப் பத்தி எந்த மொழி என்று வேர்டுக்குள் குறித்திருந்தால்தான் திரைவாசிப்பானுக்குத் தெரியும். பத்தியைத் தேர்ந்து, ரிவ்யூ பட்டியில் லாங்குவேஜ், அதில் செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ், பிறகு மொழி. தானாக மொழியைக் கண்டறியும் பெட்டியை அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்; சின்னத் தலைப்புகளில் அது அடிக்கடி தவறும். மாதாமாதம் எழுதுகிறவர் மொழிக்கு ஒன்றாக மூன்று ஸ்டைல் (பத்தியின் அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமிக்கும் வேர்டு வசதி) செய்து, ஒவ்வொன்றிலும் மொழியைப் பதித்து வைத்தால் வேலை ஒரே தடவையில் முடியும். ஆங்கில வாக்கியத்தின் நடுவே வரும் கத்ர் போர்ன், போ பாசேன் போன்ற ஊர்ப்பெயர்களுக்குத் தனியாகக் குறிக்க வேண்டாம். சொல்லுக்குச் சொல் குரல் மாறினால் கேட்பவருக்குத் தலைவலிதான் மிஞ்சும்.

கேள்வி: காவடித் திருவிழா அறிவிப்பில் நாள், நேரம், இடம் எல்லாம் பெரிதாகவே போட்டிருந்தோம். திரைவாசிப்பானில் அவை வரவே இல்லை என்கிறார் ஒருவர். எப்படி?
— சங்கச் செயலாளர், கத்ர் போர்ன்

பதில்: பெரிதாகப் போட வேண்டுமென்று அவற்றை டெக்ஸ்ட் பாக்ஸில் வைத்திருப்பீர்கள். மிதக்கும் டெக்ஸ்ட் பாக்ஸ் பத்திகளின் வரிசையில் சேராது. அம்புக்குறியால் வரி வரியாக இறங்குகிறவர் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் கடந்துவிடுவார். விழாவின் நாளையே ஒருவருக்குத் தெரியாமல் செய்யும் அலங்காரம் வேண்டாம். நாளையும் இடத்தையும் சாதாரணப் பத்தியாக எழுதி, சுற்றிலும் பார்டர் போடுங்கள். கண்ணுக்கு அதே கட்டம்தான் தெரியும்.

தலைப்பை வெறும் தடித்த எழுத்தாக விடாமல் கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தி ஹெடிங் ஆக்குங்கள். உட்தலைப்புக்கு 2. என்.வி.டி.ஏ. வைத்திருப்பவர் இன்சர்ட், ஸ்பேஸ் அழுத்தி உலாவு நிலைக்குப் போய், எச் விசையால் தலைப்பு தலைப்பாகத் தாவுவார். பத்து நாள் பூசை நேரங்களை ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தாமல் உண்மையான அட்டவணையாகப் போடுங்கள். முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறியுங்கள், கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள். பி.டி.எஃப். ஆக்கும்போது பிரின்ட் வழியாகப் போக வேண்டாம். தலைப்பு, அட்டவணை அடையாளங்கள் அதில் தொலைந்துவிடும். சேவ் ஆஸ் சென்று பி.டி.எஃப். வகையைத் தேர்ந்து, ஆப்ஷன்ஸில் டாக்குமென்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் என்ற பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: தமிழில் ஒரு பிழையைத் திருத்தப் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எழுத்து முழுதாக அழிவதில்லை. ஏன்?
— மாணவி, போர்ட் லூயி

பதில்: ‘கீ’ என்பது யூனிகோடில் ககரம், ஈகாரக் குறி என இரண்டு பதிவு. பேக்ஸ்பேஸ் கடைசிப் பதிவை மட்டும் அழிக்கும், ‘க’ நிற்கும். எழுத்தின் முன்னால் நின்று டெலீட் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து போகும். குறி மட்டும் தவறென்றால் பேக்ஸ்பேஸே வசதி. அழித்ததும் இடது அம்புக்குறியை ஒரு தடவை தட்டி, மிச்சம் நிற்பது எது என்று கேட்டுவிட்டு, வலது அம்புக்குறியால் திரும்பி வந்து மேலே அடியுங்கள்.