ஒரு ஆணைக் காதலிப்பதாக வீட்டில் சொன்னபோது என்ன நடந்தது?

“அப்ப நீ எங்க கிடப்பாய்?”

அம்மா கேட்டது இவ்வளவுதான். அதுவும் இறால் உரித்த கையை நிறுத்தாமல். அதைப் பிழையாக விளங்கிக்கொண்டு பதினாலு மாதம் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன்.

முதலில் அவனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். நான் எழுவான்கரை, அவன் படுவான்கரை. மட்டக்களப்பு தெரியாதவர்களுக்கு: வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம் எழுவான்கரை, மேற்கே வயல் பக்கம் படுவான்கரை. பட்டணத்தில் கணக்கியல் படிக்கப் போன இடத்தில் பழக்கம். இருவருக்கும் அப்போது இருபத்திரண்டு வயது. 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் அவன் ஊருக்கு லேசாகப் போகலாம். ஆனாலும் நாங்கள் குருக்கள்மடத்துக்குப் போய் அம்பிளாந்துறைக்குப் பாதை ஏறுவோம். (எங்களூரில் பாதை என்றால் ரோட்டு மட்டுமல்ல, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர்.) கம்பியைப் பிடித்தபடி நிற்போம். அவன் சுண்டுவிரல் மெல்ல வந்து என் சுண்டுவிரல் மேல் ஏறி உட்காரும். அக்கரை கிட்டினதும் இறங்கிவிடும். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை. அதே இடத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளையோடு நின்றிருந்தால், பாதை கரை தட்டுமுன் அம்மாவுக்குச் செய்தி போயிருக்கும்.

வீட்டுக்கும் வருவான், தயிர்ச் சட்டியோடு. ஆள் நல்ல உயரம். எங்கள் அடுப்படி வாசல் நிலை பழைய காலத்தது, உயரம் குறைவு. “குனிஞ்சு வா மனே” என்று அம்மா கத்தி முடிக்க முன்னம் டொங்கென்று சத்தம் கேட்கும். மறுகா அவவே நெற்றியில் எண்ணெய் தடவி விடுவா.

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. எனக்கு இருபத்தேழு நடக்கும்போது மாமா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். கல்லடியில் சீதன வீடு, பெண் ஆசிரியை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆம்பிளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். நான் பிறந்த வீடும் அக்கா பெயரில் எழுதியாகிவிட்டது. அத்தான் வந்து இருப்பதும் அங்கேதான். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. சம்பந்தத்துக்கு ஓம் என்று சொல்ல முடியாமல்தான் அன்று அடுப்படியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன்.

“எங்க கிடப்பாய்?” என்றால் என்ன அர்த்தம், வெளியே போ என்பதுதானே? அடுத்த நாளே கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மாமா போனில், “ஜெயிலுக்குப் போற வேலை பாக்கிறாய்” என்றார். அவர் சொன்னது வெறும் வெருட்டல் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் ஒரே பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதி வைத்தவை. 1995இல் திருத்தும்போது தளர்த்துவார்கள் என்று பார்த்தால், பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள். அதை நீக்கக் கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு சரி, சட்டம் இன்னும் அப்படியே கிடக்கிறது.

இதற்கிடையில் அம்மா வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மனிடம் நேர்த்தி வைத்திருக்கிறா. ஒரு மனநல வைத்தியரிடமும் தனியாகப் போயிருக்கிறா. “இது வருத்தமில்லை அம்மா, நோய்ப் பட்டியலில இருந்து 1990லயே எடுத்தாச்சு” என்று அவர் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் போன் எடுத்து எடுத்த எடுப்பிலேயே ஏசினாள்.

“மடையா, அம்மா உன்னைக் கலைக்கல்லடா. கலியாணம் முடிக்காட்டி உனக்குப் போய்க் கிடக்க ஒரு வீடு இல்லையே எண்டுதான் கேட்டவ. அண்டையில இருந்து அதே யோசினைதான். ராவில நித்திரை இல்ல.”

அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டா, இறால் குழம்பு. சாப்பிட்டு முடிந்ததும், கிணற்றடிப் பக்கத்தில் ஆறு பேர்ச் காணி எனக்கு எழுத நொத்தாரிசிடம் கதைத்தாகிவிட்டது என்றா. தன் பெயரில் உள்ள காணி உறுதியில் இருந்து அதைப் பிரித்துக் கொடுத்தது அக்கா. அத்தானுக்கு முழுச் சம்மதமில்லை, இன்றும் முகம் கொஞ்சம் நீட்டுத்தான். மாமா வருவதே இல்லை. அவன் வீட்டில் இன்னும் ஒன்றும் தெரியாது. அது வேறு கதை, அதை அவன்தான் சொல்ல வேண்டும்.

அம்மா அவனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கேட்கவும் எனக்குத் துணிவு வரவில்லை.

போன தை மாதம் அந்தத் துண்டில் இரண்டு அறை கட்டத் தொடங்கினோம். நிலை வைக்கிற அன்று மஞ்சள் பூசி, பூக்கட்டி எல்லாம் முடிந்து மேசன் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து நின்று மேலே பார்த்தா.

“இது காணாது தம்பி. இன்னும் அரை அடி உயர்த்தி வை.”

மேசன் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஐந்தடி மூன்று அங்குலம்.